சாக்கு இல்லாத பிள்ளைபிடிகாரன்

மே 4, ஞாயிறு

ஓய்வு பெற்று முப்பத்துநான்கு நாள் ஆகிறது. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் பிப்பெட்டும் பியூரெட்டும் கழுவிய கைக்கு வீட்டில் வேலை இல்லை. இன்று காலை சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டினேன்.

"எனக்கு மல்லி எது மிளகு எதுன்னு தெரியாதாக்கும்" என்றாள் உலகம்மாள். "எங்கயாவது வெளிய போய்ட்டு வாங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அந்த நேரம் பார்த்து ஜெபா வந்தாள். ஜெபமலர், எங்கள் பள்ளியில் படித்த பெண். இப்போது குழந்தைகள் பாதுகாப்புக்கென்று தென்காசியில் சின்னதாக ஓர் அமைப்பு நடத்துகிறாள். குழந்தைகள் காணாமல் போவது பற்றி ஊர் ஊராகப் போய் வீதி நாடகம் போடுகிறார்கள். அதில் பிள்ளைபிடிகாரனாக நடித்தவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாராம்.

"அண்ணாச்சி, உங்க குரலும் மீசையும் எனக்கு வேணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் உலகம்மாள், "தாராளமாக் கூட்டிட்டுப் போ தாயி" என்று சொல்லிவிட்டாள்.

மே 6, செவ்வாய்

ஒத்திகை. மொத்தமே நான்கு பேர்தான். கதையை விளக்குவது ஜெபா. வேன் ஓட்டுவதும் தவில் அடிப்பதும் சேவியர். பத்து வயதுச் சிறுமியாக வருவது முப்புடாதி, நிஜத்தில் பி.எட். படிக்கிறாள், ஆள் குள்ளமாக இருப்பதால் இரட்டைச் சடை போட்டுச் சீருடை மாட்டினால் யாருக்கும் சந்தேகம் வராது. நான்காவது ஆள் நான். கறுப்புக் கண்ணாடி, ஒட்டுத்தாடி, சாயம் போன சட்டை, தோளில் வைக்கோல் அடைத்த ஒரு சாக்கு.

வீட்டுக்கு வந்து பயங்கரமாகச் சிரித்துப் பழகினேன். அடுத்த வீட்டு நாய் குரைத்தது. உலகம்மாள் அசரவில்லை. "வயித்து வலி வந்தவன் மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்சம் அடித்தொண்டையிலேர்ந்து சிரிங்க" என்றாள்.

மே 9, வெள்ளி

முதல் காட்சி. நான் சாக்கைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் அலறிக்கொண்டு எழுந்து ஓடினார்கள். ஒரு பயல் செருப்பை விட்டுவிட்டே ஓடிவிட்டான். முடிந்ததும் ஊர்க்காரர்கள் கை கொடுத்தார்கள். டீயும் உளுந்தவடையும் வந்தன. நான் மூன்று வடை தின்றேன்.

இத்தனை வருடம் என்னை யாரும் நின்று பார்த்ததில்லை. சோதனைக்குழாயைத்தான் பார்ப்பார்கள். தூக்கம் நன்றாக வரும் என்று தோன்றுகிறது.

மே 12, திங்கள்

சந்தையில் ஒரு சின்னப்பிள்ளை என் மீசையை வைத்து அடையாளம் கண்டு அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. பெருமையாக இருந்தது. கத்திரிக்காய் வாங்க மறந்து வந்து ஏச்சு வாங்கினேன்.

மே 15, வியாழன்

இன்று ஒரு சங்கடம்.

காட்சி முடிந்ததும் ஜெபா பிள்ளைகளைக் கூப்பிட்டு, "யாரைப் பாத்தா உஷாரா இருக்கணும்?" என்று கேட்டாள். சாக்கு வச்சிருக்கறவங்க, தாடிக்காரங்க, பிச்சைக்காரங்க, இந்தி பேசறவங்க என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அலுவலகத்துக்கு வந்ததும் சொன்னாள்:

"அண்ணாச்சி, பதினோரு வருசமா இந்த வேலை பாக்கேன். நான் பாத்த பிள்ளைகள்ல சாக்கோட வந்தவன் தூக்கிட்டுப் போனதுன்னு ஒண்ணுகூட இல்ல. வீட்டுல இருக்க முடியாம தானா ஓடிப்போன பிள்ளைகள்தான் அதிகம். ஏன் ஓடிச்சுன்னு கேட்டா, பாதிக்கு மேல தெரிஞ்ச ஆளு. சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், பாடம் சொல்லிக் குடுக்கறவன். நாம பிள்ளைகளுக்குத் தப்பான ஆளைக் காட்டிட்டு இருக்கோம். சாக்கைத் தூக்கிப் போட்டுருவோம். நீங்க பிள்ளைபிடிகாரன் இல்ல, அந்த வீட்டுக்கு வந்து போற ஒரு மாமா. நல்லவரு. எல்லாருக்கும் பிடிச்சவரு."

நான் முடியாது என்றேன். அதெல்லாம் பிள்ளைகளுக்குப் புரியாது என்றேன். குடும்பங்களுக்குள் சந்தேகத்தை விதைக்கிற வேலை என்றேன். கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன் போல. சேவியர் தவிலைக் கட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான்.

இரவு சாப்பிடவில்லை.

மே 17, சனி

ஒத்திகைக்குப் போகவில்லை. தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன்.

மே 18, ஞாயிறு

கொசுவலையில் ஏழு கிழிசல்களைத் தைத்தேன். மின்விசிறிகளைத் துடைத்தேன். சைக்கிளுக்கு எண்ணெய் விட்டேன். இன்னும் என்ன செய்யலாம் என்று சுற்றி வந்தபோது உலகம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"சின்ன வயசுல நீங்க நாலு நாள் காணாமப் போனியளாமே. உங்க அக்கா ஒருநா சொன்னாங்க. சங்கரன்கோயில் ஆடித்தபசுக் கூட்டத்துல தொலைஞ்சிட்டியன்னு."

"ஆமா."

"எத்தனை வயசு அப்போ?"

"ஒம்பது."

"பயந்துருப்பிய."

மாடிக்குப் போய்த் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததா என்று பார்த்தேன். நேற்றுத்தான் கழுவி நிரப்பிய தொட்டி.

அது ஐம்பது வருடக் கதை. கூட்டத்தில் தொலைந்தேன் என்பது வீட்டில் வைத்துக்கொண்ட பேச்சு. நான் கொல்லம் ரயிலில் ஏறினேன். நானாகத்தான் ஏறினேன்.

மே 19, திங்கள்

ஜெபா வந்தாள். நாளை ஓர் ஊருக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாயிற்று, பழைய நாடகத்தையே கடைசியாக ஒரு தடவை போட்டுவிடலாம், வரமுடியுமா என்று கேட்டாள். அதற்கென்ன, வருகிறேன் என்றேன். உலகம்மாள் அவளுக்கு முறுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

மே 21, புதன்

நேற்று எழுத முடியவில்லை. வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. இன்று பரவாயில்லை. நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள் வருத்தப்பட்டுவிட்டார்கள்.

நாலரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வேனை ஊருக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி வேஷம் போட்டோம். தண்ணீர் குடிக்கலாம் என்று நான் மட்டும் இறங்கி, சாக்கோடு பேருந்து நிறுத்தம்வரை நடந்தேன். அங்கே நான்கு வயதுப் பெண்குழந்தை ஒன்று தனியாக நின்று அழுதுகொண்டிருந்தது. சுற்றிலும் ஆள் இல்லை. சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வேஷத்தில் இருக்கிறேன் என்பதே எனக்கு நினைவில்லை. குனிந்து, "பேரென்ன தாயி? அம்மா எங்க?" என்று கேட்டேன். அது என் முகத்தைப் பார்த்துவிட்டு வீரிட்டது.

இரண்டு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அப்புறம் நாலு பேர். அப்புறம் கணக்கில்லை.

"யாருய்யா நீ? சாக்குல என்ன?"

"நாடகக்காரன்யா. வைக்கோல்தான் இருக்கு."

"நாடகமாம்ல. பிள்ளைபிடிக்கறவனுவன்னு போன்ல வீடியோ வந்துச்சே, இவனுவளேதான்."

முதல் அடி பின்னாலிருந்து வந்தது. கண்ணாடி உடைந்தது. ஒருவர் என் தாடியைப் பிடித்து இழுக்க, அது கையோடு வந்ததும் கூட்டத்துக்குச் சந்தேகம் இன்னும் வலுத்துவிட்டது. சத்தம் கேட்டு முப்புடாதி வேனிலிருந்து குதித்து ஓடிவந்தாள், இரட்டைச் சடையும் சீருடையுமாக. "வேனுக்குள்ள இன்னொரு பிள்ளையும் இருக்குடா" என்று யாரோ கத்தினார்கள்.

"எனக்கு இருவத்திமூணு வயசு. பி.எட். படிக்கேன். அவரை விடுங்க" என்று அவள் கூட்டத்தைப் பிளந்து வந்து எனக்கு முன்னால் கையை விரித்து நின்றாள். அவள் உயரம் என் மார்பு வரைதான். அவள் மேலும் இரண்டு அடி விழுந்தது. ஜெபா அனுமதிக் கடிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். யாரும் அதைப் படிக்கவில்லை. கடைசியில் ஒரு பெண்தான் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏ, விடுங்க. இது நம்ம பள்ளிக்கூடத்து லேப் சார்லா" என்றாள். எந்த வருடத்து மாணவி என்று தெரியவில்லை. பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

அப்போது ஒரு தாய் தண்ணீர்க் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "தன்யா எங்க? எம்பிள்ளை எங்க?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். நிறுத்தத்தில் குழந்தை இல்லை.

ஐம்பது பேர் சேர்ந்து என்னைப் பிடித்திருந்தார்கள். அந்தக் குழந்தையின் கையை ஒருவரும் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு யாருக்கும் என்மேல் கோபமில்லை. கோபப்பட நேரமில்லை. நிறுத்தத்துக்குப் பின்னால் சுவரில்லாத கிணறு ஒன்று இருந்தது. இளைஞர்கள் அதில் இறங்கினார்கள். சிலர் நெடுஞ்சாலைப் பக்கம் ஓடினார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் நாலாபக்கமும் கேட்டது. கூட்டமாகக் கத்தினால் அது வெளியே வராது என்று எனக்குத் தெரியும். பயந்த பிள்ளை ரொம்ப தூரம் ஓடாது. முதுகுக்கு ஒரு சுவர் இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். யார் கூப்பிட்டாலும் பேசாது. கூப்பிடுகிற குரல்களில் எது நல்ல குரல் என்று அதற்குத் தெரியாது.

அப்படி ஓர் இடத்தைத் தேடினேன். பால் சொசைட்டிச் சுவரை ஒட்டிப் பெரிய சிமெண்ட் குழாய்களை இறக்கி வைத்திருந்தார்கள். மூன்றாவது குழாய்க்குள், சுவர்ப் பக்கமாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு தன்யா உட்கார்ந்திருந்தது.

நான் கிட்டே போகவில்லை. வேஷச் சட்டையைக் கழற்றித் தூரப் போட்டுவிட்டுப் பனியனோடு பத்தடி தள்ளித் தரையில் உட்கார்ந்தேன். முப்புடாதியிடம் சைகை காட்டினேன், அம்மாவைக் கூப்பிட. "நீ அங்கனயே இரு தாயி. நான் அங்க வரமாட்டேன். அம்மா இப்ப வந்துருவா" என்று மட்டும் சொன்னேன். அந்தத் தாய் வந்து குழாய்க்குள் பாதி உடம்பை நுழைத்துப் பிள்ளையை வாரி எடுத்தாள். ஆட்டுக்குட்டி ஒன்றின் பின்னால் நடந்து அந்தப் பிள்ளை வீட்டைவிட்டு வந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

திரும்பும்போது ஜெபா கேட்டாள். "எப்படி அண்ணாச்சி அவ்வளவு சரியா அங்க போனிய?"

"தெரியும்" என்றேன்.



மே 22, வியாழன்

உலகம்மாள் இரண்டு நாளாக உப்பு வறுத்து ஒத்தடம் கொடுக்கிறாள். கொடுக்கும்போதெல்லாம் அந்த ஊரை ஏசுகிறாள். மதியம் அந்த ஊரிலிருந்தே ஆறு பேர் ஒரு நாட்டுப்பழத் தாரோடு வந்து வாசலில் நின்றார்கள். ஏச்சை அப்படியே நிறுத்திவிட்டு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

முதல் அடி என்னுடையது என்று ஒருவர் தானாகவே சொன்னார். நடுத்தர வயது. அவருக்கும் மூன்று பிள்ளைகள்.

"போன்ல வீடியோ வந்துச்சு அண்ணாச்சி. அதான்."

"எந்த ஊருல எடுத்த வீடியோ?"

"தெரியல."

"யாரு அனுப்புனா?"

"மச்சான்."

"அவருக்கு யாரு அனுப்புனா?"

அவர் மோர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் வருத்தமில்லை என்று சொன்னேன். அது நிஜம். பிள்ளைக்காக அடிக்க இத்தனை கை இருக்கிறதே என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. ஒன்பது வயதில் எனக்காக ஒரு கையும் ஓங்கவில்லை. ஓங்க வேண்டும் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பழம் நல்ல ருசி. ஐந்து தின்றேன்.

மே 23, வெள்ளி

காலையில் எட்டு மணிக்கே ஜெபாவின் அலுவலகத்துக்குப் போய்விட்டேன். "அந்த மாமா வேஷத்தை நானே போடுதேன்" என்றேன். கையோடு வசனமும் எழுதிக் கொண்டுபோயிருந்தேன், நாற்பது பக்க நோட்டில் பதினொரு பக்கம்.

முப்புடாதி படித்துவிட்டு, "சார், இதுல மாமா கெட்டவரு மாதிரியே இல்லையே" என்றாள்.

"இருக்கக் கூடாதும்மா. அவரு சத்தம் போட்டுச் சிரிக்க மாட்டாரு. வீட்டுல அரிசி தீந்துபோச்சுன்னா அவருதான் வாங்கிப் போடுவாரு. பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்குச் செருப்பு வாங்கித் தருவாரு. அம்மாவுக்கு அவரு சாமி மாதிரி. அதனால பிள்ளைக்கு எப்படிச் சொல்லன்னே தெரியாது. சொன்னா அரிசி வராது."

சேவியர் தவில் குச்சியைக் கீழே வைத்தான். ஜெபா நோட்டை வாங்கி முழுவதும் படித்தாள். நிதானமாகப் படித்தாள். பிறகு நிமிர்ந்து, "இதுல ஒரு வரிகூட மாத்த வேண்டாம் அண்ணாச்சி" என்றாள்.

ஒன்று மட்டும் அவளிடம் சொன்னேன். "ஒம்பது வயசுல நான் ஓடிப்போனப்ப, புனலூர் ஸ்டேஷன்ல என்னைக் கண்டுபிடிச்சுச் சோறு வாங்கிக் குடுத்து, கையைப் பிடிச்சு வீடு வரைக்கும் கொண்டாந்து விட்டது முன்னப்பின்ன தெரியாத ஒரு மலையாளத்துக்காரரு. பேருகூடத் தெரியாது. எங்க வாசல்ல வச்சு அவரைத்தான் எல்லாரும் சந்தேகமாப் பாத்தாங்க."

என்னை முதலில் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதது யார் என்று சொல்லவில்லை.

மே 25, ஞாயிறு

காணாமல் போன குழந்தைகளுக்கான உலக நாளாம் இன்று. பேருந்து நிலையத்தில் காட்சி. இருநூறு பேருக்குமேல் நின்றார்கள்.

நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, கையில் பழப்பையோடு வந்தேன். பிள்ளைகள் யாரும் ஓடவில்லை. நான் சொன்ன சின்னச் சின்ன வேடிக்கைகளுக்குச் சிரித்தார்கள். ஒரு குழந்தை எனக்கு டாட்டா காட்டியது. பிறகு, மாமா உள்ளே வரும்போதெல்லாம் முப்புடாதியின் முகம் மாறுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கவனித்தார்கள். அவள் சோற்றைத் தள்ளி வைத்தாள். மாமாவோடு கடைக்குப் போகமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். பேருந்து ஹாரன் சத்தம் தவிர எல்லாம் அடங்கிவிட்டது.

கடைசியில் அம்மாவாக நடித்த ஜெபாவிடம் சிறுமி வந்து சொல்கிறாள். அம்மா, "சீ, மாமா அப்படியெல்லாம் செய்யமாட்டாரு" என்கிறாள். அந்த இடத்தில் ஜெபா நாடகத்தை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க. இந்த அம்மா என்ன சொல்லியிருக்கணும்?"

பூ விற்கிற ஓர் அம்மா கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டே சொன்னார்: "நீ சொல்லுறத நான் நம்புதேன், உம்மேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லணும். மத்ததெல்லாம் அப்புறம்."

நான் மாமா வேஷத்தில் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். காட்சிப்படி நான் தலையைக் குனிந்திருக்க வேண்டும். குனிந்திருந்தது நல்லதாகப் போயிற்று.

ஜெபா குழந்தைகள் உதவிக்கான 1098 என்ற எண்ணைச் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைகள் பாட்டு மாதிரித் திருப்பிச் சொன்னார்கள். குழந்தை தொலைந்தால் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருக்காமல் அப்போதே காவல் நிலையத்துக்குப் போங்கள் என்றாள். திக்கில்லாமல் நிற்கிற பிள்ளையைக் கண்டால் போன் எடுத்துப் படம் பிடிக்காமல் கூடவே நில்லுங்கள் என்று நானும் ஒரு வார்த்தை சொன்னேன். வசனத்தில் இல்லாதது. ஜெபா தலையை ஆட்டினாள்.

மே 29, வியாழன்

ஞாயிற்றுக்கிழமைக் காட்சிக்குப் பிறகு ஒரு தாய் மகளோடு ஜெபாவைத் தேடி வந்தாளாம். ஜெபா பெயர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. பிள்ளை இப்போது நன்றாகச் சாப்பிடுகிறதாம்.

ஜூன் 3, செவ்வாய்

பள்ளிகள் திறந்துவிட்டன. ஒன்பது பள்ளிகள் நாடகத்துக்குத் தேதி கேட்டிருக்கின்றன. என் பழைய பள்ளியும் உண்டு. புது ஆய்வக உதவியாளர் பியூரெட்டைக் கவிழ்த்து மாட்டத் தெரியாமல் இரண்டை உடைத்துவிட்டானாம். சிரித்துக்கொண்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது. காலையிலிருந்தே சாரலும் காற்றும். துணி காயவில்லை. பின்வாசலில் உட்கார்ந்து உலகம்மாள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலை கிள்ளினேன். பாதி ஆய்ந்திருப்போம்.

"ஆடித்தபசுல நான் தொலையல" என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. "பின்ன?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அது முழுவதையும் இங்கே எழுதவில்லை, ஒருத்தியிடம் சொன்னால் போதும். அந்த ஆள் எங்கள் அம்மாவோடு கூடப்பிறந்த மாமாதான் என்பதையும், அவரிடமிருந்து தப்பிக்கத்தான் ரயிலேறினேன் என்பதையும், திரும்பி வந்த பிறகும் இரண்டு வருடம் அது நிற்கவில்லை என்பதையும் சொன்னேன். அவள் எப்போது கையை நிறுத்தினாள் என்று நான் பார்க்கவில்லை. பூனை வந்து மீனை எடுத்தபோது இரண்டு பேருமே விரட்டவில்லை.

"அந்தாளு செத்து எத்தனை வருசம் இருக்கும்?"

"இருவத்தொண்ணு."

"நான் அந்த எழவு வீட்டுல மாருல அடிச்சு அழுதேனே" என்றாள். பிறகு, "ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கப்படாதா" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "இல்ல. இப்பமாவது சொன்னியளே."

கையைக் கழுவிவிட்டு உள்ளே போனாள். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. முன்னறைச் சுவரில் மாமாவின் படம் மாட்டியிருந்தது. அவர் இறந்த வருடம் அக்கா கொண்டுவந்து கொடுத்தது. வெள்ளிக்கிழமைதோறும் உலகம்மாள்தான் அதற்குப் பூ வைப்பாள். நான் எழுந்து போய்ப் பார்த்தபோது அவள் நாற்காலியில் ஏறி அதைக் கழற்றி இறங்கிக்கொண்டிருந்தாள். மூட்டு வலிக்காரி, கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்றாள்.

பின்கட்டுக்குக் கொண்டுபோய், ஆணியைப் பிடுங்கி, கண்ணாடியைத் தனியாக வைத்தாள். சட்டத்தை முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தாள். படத்தை நாலாக மடித்து, சட்டத்தோடு சேர்த்து வெந்நீர் அடுப்புக்குள் வைத்துத் தீக்குச்சி கிழித்தாள். சாரல் ஈரத்தில் முதல் குச்சி பற்றவில்லை. இரண்டாவதில் பற்றியது.

"துண்டை எடுத்துட்டு வாங்க. தலைக்கு நான் தேச்சு விடுதேன்" என்றாள்.

வெந்நீர் சீக்கிரமே கொதித்துவிட்டது. நிறையத் தண்ணீர் ஊற்றி, நிதானமாக, சுடச்சுடக் குளித்தேன்.